மொட்டைமாடியில் வாசிக்க, உயிரோடு இருப்பவர்கள் எழுதிய நாடகம் வேண்டும்

மொட்டைமாடிக்காரன்:

வணக்கம். நாங்கள் கோவையில் ஏழு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி ஒரு நாடகத்தைச் சத்தமாக வாசிப்போம். நடிப்பு, ஒப்பனை எதுவும் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு டம்ளர் டீ. ஆறு வருஷமாக நடக்கிறது. நான் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். மற்றவர்கள்: தபால்துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர்கள், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், ஒரு ஐடி பையன்.

இதுவரை முத்துசாமி, கர்னாட், டெண்டுல்கர், பாதல் சர்க்கார், இப்சன், செகாவ் எல்லாம் ஓட்டியாகிவிட்டது. போன மாதம் 'நாற்காலிக்காரர்' இரண்டாவது தடவை. முடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது என் மகள் கேட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். "அப்பா, நீங்க படிக்கிறதில உயிரோட இருக்கிறவங்க எழுதினது ஒண்ணாவது உண்டா?"

எண்ணிப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லை. முத்துசாமி 2018இலும் கர்னாட் 2019இலும்தான் போனார்கள், இருந்தாலும் போனவர்கள் கணக்கில்தானே வருவார்கள்.

அதனால் கேட்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாடகம் வேண்டும். துணிச்சலாக இருக்கட்டும். ஏழு பேருக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலம் என்றால் எளிய ஆங்கிலம். டீச்சர்கள் இருவரும் வாசிக்க வாசிக்கத் தமிழாக்கிவிடுவார்கள். ஒரு வேண்டுகோள். போன வருஷம் ஐடி பையன் துணிச்சலான நாடகம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். பக்கத்துக்குப் பத்துக் கெட்ட வார்த்தை. அடுத்த மாடியில் துணி எடுக்க வந்த அம்மா ஒரு வாரம் எங்கள் வீட்டோடு பேசவில்லை.

ஆப்பரேட்டர்:

அண்ணே, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு தியேட்டரில் பதினேழு வருஷம் ஆப்பரேட்டராக இருந்தேன். டிஜிட்டல் வந்ததும் வேலை போனது. அப்புறம் மதுரையில் நாடகக் குழுக்களுக்கு லைட் போடப் போனேன், இன்றைக்கும் அதுதான் பிழைப்பு. படிப்பு பத்தாவது. இங்கிலிஷ் நாடகத்தை அகராதியும் கையுமாகத்தான் படிப்பேன், ஒன்றை முடிக்க ஒரு மாதம் ஆகும். அதனால் படித்தது கொஞ்சம். படித்ததை மறப்பதில்லை.

லைட் போடுகிறவனுக்கு 'துணிச்சலான நாடகம்' என்று யாராவது கூப்பிட்டாலே தெரிந்துவிடும், சிவப்பு ஜெலட்டின் தாள் இரண்டு கூடுதலாக வாங்க வேண்டும். ரத்தம், கத்தல், முடிவில் எல்லாரும் தரையில். நிஜமாகத் துணிந்தவர்கள் மேடைக்கு எதையும் கூடுதலாகக் கொண்டுவருவதில்லை. அங்கிருந்து ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். இது இல்லாமல் நாடகமே நடக்காது என்று நாம் நம்பியிருக்கும் ஒன்றை. நான் சொல்லப்போகிறவை அந்த ரகம்.

ஆனி பேக்கரின் 'தி ஃப்ளிக்'. 2013இல் நியூயார்க்கில் போட்டது. எனக்குத் தெரிந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் புத்தகத்தைக் கையில் திணித்து "இது உன் கதைடா" என்றார். மாசசூசெட்ஸில் ஒரு பழைய சினிமா தியேட்டர். மேடையில் தெரிவது வரிசை வரிசையாக நாற்காலி, பின்சுவரில் ஆப்பரேட்டர் ரூம் ஜன்னல். அதாவது நாடகம் பார்க்க வந்தவர்கள் திரை இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் முடிந்து கூட்டம் போன பிறகு இரண்டு பேர் வந்து சோளப்பொரி கூட்டுகிறார்கள். கூட்டுகிறார்கள், கூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவே ஏதோ இரண்டு வார்த்தை. மறுபடி கூட்டுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்படி. அந்த அம்மா நாடகத்திலிருந்து பேச்சை எடுத்துவிட்டார். இடைவேளையில் எழுந்து போனவர்கள் பலர். ஏன் இதைப் போட்டோம் என்று அதைப் போட்ட நாடக அரங்கின் கலை இயக்குநரே சந்தாதாரர்களுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. அடுத்த வருஷம் அதற்கே புலிட்சர் பரிசு.

கதையில் 35 எம்எம் போய் டிஜிட்டல் வருகிறது. ஏவரி என்று இருபது வயசுப் பையன், ஃபிலிமில் ஓடினால்தான் சினிமா என்று அடம்பிடிக்கிறான். எனக்கு அவனைப் பார்த்துப் பொறாமையும் சிரிப்பும். ஃபிலிம் மேல் அவ்வளவு காதல் வைக்க அவனுக்கு நேரம் இருந்தது. எங்களுக்கு எங்கே? ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினில் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இரண்டாவது புள்ளி வரும், அப்போது மாற்ற வேண்டும். தவறினால் வெள்ளைத் திரை, கீழேயிருந்து விசில், அப்புறம் மேனேஜர். பதினேழு வருஷம் நான் அந்த மூலையைத்தான் பார்த்தேன். எத்தனையோ படத்தில் கதாநாயகி முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை.

உங்கள் மாடிக்கு இது சரிப்படுமா என்றால், சிரமம்தான். மௌனத்தை எப்படிச் சத்தமாக வாசிப்பது? நாங்கள் நாலு பேர் ஒருநாள் முயன்றோம். 'மௌனம்' என்று வரும் இடத்தில் ஒருவர் வாட்சைப் பார்த்துப் பத்து விநாடி விரலைத் தூக்கிக் காட்டுவார். நாலாவது பக்கத்தில் ஒருத்தர் தூங்கிவிட்டார். ஆறாவது பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், கையில் நிஜமாகவே விளக்குமாறு வைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசியில் பழைய புரொஜெக்டருக்கு என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் ஏழு பேருக்கென்றே எழுதியதுபோல் ஒன்று இருக்கிறது. அனுபமா சந்திரசேகரின் 'ஃப்ரீ அவுட்கோயிங்'. சென்னைக்காரர், சென்னைக் கதை, ஆனால் 2007இல் முதலில் மேடையேறியது லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில். நன்றாகப் படிக்கும் பதினைந்து வயசுப் பெண் தீபா. வகுப்பறையில் ஒரு பையனோடு இருந்தது போனில் படமாகிவிடுகிறது. ஊரெல்லாம் போய்விடுகிறது. வீட்டில் அம்மா மாலினி, கூடப்பிறந்தவன், பள்ளிக்கூடம், வாசலில் டிவிக்காரர்கள். இதில் எடுத்துவிட்டது யாரை தெரியுமா? தீபாவை. அவள் ஒரு காட்சியிலும் மேடைக்கு வருவதில்லை. ஊரே பார்த்துவிட்ட பெண்ணை நமக்கு மட்டும் காட்ட மாட்டார் நாடகாசிரியர். இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் நான் லைட் வரைபடம் போட்டேன், யாரும் கேட்காமலே. உள் அறைக் கதவின் கீழ் இடுக்கில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. வேறு ஒன்றும் தேவையில்லை.

இவரே காந்தியைக் கொன்ற கோட்சேயைப் பார்வையாளர்களிடம் நேராகப் பேச வைத்து 'தி ஃபாதர் அண்ட் தி அசாசின்' எழுதினார். 2022, லண்டன் நேஷனல் தியேட்டர். நல்ல நாடகம், ஆனால் ஆள் அதிகம் வேண்டும்.

'ஒயிட் ராபிட் ரெட் ராபிட்' பற்றிச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். எழுதியவர் நாசிம் சுலைமான்பூர், ஈரான்காரர். கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மாட்டேன் என்றதால் அப்போது அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. தான் போக முடியாத இடங்களுக்கெல்லாம் நாடகத்தை அனுப்பினார். 2011இலிருந்து அது ஊர் ஊராகப் போகிறது. இயக்குநரும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புது நடிகர். மேடையில் ஏறிய பிறகுதான் ஒட்டிய கவரை அவர் கையில் கொடுப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முன்வரிசையில் ஒரு நாற்காலி எழுதியவருக்காகக் காலியாக இருக்கும். ஒருமுறை நடித்தவர் மறுபடி நடிக்கக் கூடாது. ஆகவே அண்ணே, இதை வாங்குங்கள், ஆனால் படிக்காதீர்கள். இணையத்திலும் தேடாதீர்கள். நான் தெரியாமல் படித்துத் தொலைத்துவிட்டேன், ஜென்மத்துக்கும் அந்தக் கவரைப் பிரிக்கும் யோகம் எனக்கு இல்லை.

வடலி:

சிட்னியிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சி. எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' பற்றி ஒருத்தரும் சொல்லாதபடியால் நான் சொல்கிறேன். 2019 தை மாதம் சிட்னி டவுன் ஹாலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போது 71. "இங்கிலிஷ் நாடகத்துக்கு என்னை ஏன் இழுக்கிறாய்" என்று காரில் முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தா.

சிட்னியில் ஒரு தாயும் மகனும் அம்மம்மாவின் சாம்பலை ஆற்றில் கரைப்பதில் தொடங்கி, கொழும்பு, 1956, 83 என்று பின்னால் போகும். நாலு தலைமுறைக் கதை. தலையை எண்ணினால் சனநாயகம், எண்ணுவது நின்றால் தலையை உடைப்பார்கள் என்பதுதான் தலைப்பின் அர்த்தம். மேடையில் ஒருவர் தமிழில் கதைப்பார், பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் உடனே அதை ஆங்கிலத்தில் சொல்லுவார். சிங்களத்துக்கும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு எழுத்தாகச் சுவரில் ஓடுகிற வேலையே இல்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்ர காதுக்குள் சொன்னா: "அந்தப் பெடியன் சரியாத்தான் சொல்லுறான்." எண்பத்துமூன்று வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. என்ர கையைப் பிடித்தவ, இடைவேளை முடிந்தும் விடவில்லை. அந்த வருஷத்தைப் பற்றி அவ வீட்டில் கதைத்ததே கிடையாது. அன்றைக்கு வீடு திரும்பும்போது M4 நெடுஞ்சாலையில் தானாகவே தொடங்கினா. பெற்றோல் அடிக்கிற இடத்தில் காரை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன்.

மூன்று மணித்தியாலத்துக்கும் மேல், பதினாறு நடிகர்கள். உங்கள் மாடிக்குப் பெரிது. முதல் பகுதியை மட்டும் ஆளுக்கு இரண்டு மூன்று பாத்திரமாகப் பிரித்துப் பாருங்கோ. குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவின் 'எந்தையும் தாயும்' வாசித்ததில்லை என்றால் அதையும் வாசியுங்கோ. பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு ஊரில் தனித்துப்போன கிழவர் கிழவிகளின் நாடகம். உங்கள் மகளின் சட்டப்படி அவர் சேரமாட்டார், 2025இல் காலமாகிவிட்டார். ஆனால் சக்திதரனின் நாடகத்தில் விமானம் ஏறிப் போகிறவர்களின் கதை என்றால், இது படலையடியில் நின்றவர்களின் கதை. இரண்டையும் அடுத்தடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் மணி:

எல்லாம் சரி, லண்டன் நியூயார்க் சிட்னி சுற்றி வந்தாயிற்று. தமிழில் எழுதுகிறவர்கள் செத்தா போனார்கள்?

கையால் மலம் அள்ளுவதைப் பற்றி ஜெயராணி எழுதி ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கிய 'மஞ்சள்' 2017இல் சென்னையில் மேடையேறியது. நான் திருச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கோவில்பட்டி முருகபூபதியின் மணல்மகுடி குழு நாடகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 'குகைமரவாசிகள்', 'மிருகவிதூஷகம்'. ஆப்பரேட்டர் சொன்ன கணக்கில் பார்த்தால் அவர் கதையையே எடுத்துவிட்டவர். கதை என்ன என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. உடம்பும் மணலும் ஒப்பாரியும்தான்.

இங்கே சிக்கல் வேறு. தமிழில் புது நாடகம் மேடையில் வரும், அச்சில் வருவது அபூர்வம். மூன்று காட்சி போடுவார்கள், ஸ்கிரிப்ட் யாருடைய லேப்டாப்பிலோ கிடக்கும், குழு கலைந்தால் நாடகமும் போச்சு. ஆங்கிலத்தில் நாடகம் தொடங்கும் அன்றைக்கே வாசலில் புத்தகம் விற்கிறார்கள். நமக்கு நாடகத்தை எழுதி போலீசில் கொடுத்து அனுமதி வாங்கும் பழக்கம்தான் நீண்ட நாள் இருந்தது. 1954ஆம் வருஷச் சட்டம் அது. நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எனவே குழுக்களை நேரில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நானும் ஒரு வெளிநாட்டுச் சிபாரிசு வைத்துவிடுகிறேன், கல்லூரியில் பாடம் நடத்துகிற கெட்ட பழக்கம். கேரில் சர்ச்சிலின் 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்', 2012. எழுதியபோது எழுபது தாண்டியிருந்தார். ஐம்பதுக்கு மேல் குட்டிக் குட்டிக் காட்சிகள், நூறுக்கு மேல் ஆட்கள், ஒருத்தருக்கும் பெயர் கிடையாது. எந்த வரியை யார் பேசுவது என்றே எழுதவில்லை. ஏழு பேர் என்றால் தாராளம். என் மாணவர்கள் முதல் அரை மணி நேரம் "இது என் வசனம், அது உன் வசனம்" என்று சண்டையே போட்டார்கள். அந்தச் சண்டைதான் பாடம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம், வீட்டில் நண்பர்கள் கூடி வாசிப்பதற்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஹால் எடுத்து ஊரைக் கூப்பிட்டால், டிக்கெட் இல்லையென்றாலும், மேடை உரிமை வாங்க வேண்டும். தமிழாக்கத்துக்கு அனுமதி தனி. தெரியாமல் போஸ்டர் அடித்துவிட்டு நிறுத்தியவள் சொல்கிறேன். போஸ்டர் இன்னும் என் பரணில் இருக்கிறது.

ஆப்பரேட்டர்:

டீச்சர் சொன்னது நியாயம். முருகபூபதியின் நாடகம் ஒன்றைத் திறந்தவெளியில் பார்த்தேன். லைட்டுக்காரனுக்கு அங்கே வேலை குறைவு, பந்தமே பாதியைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பொறாமையில்தான் பேரை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போனது. சனாஸ் தூசியின் 'இங்கிலிஷ்', 2023 புலிட்சர். ஈரானில் டோஃபல் பரீட்சைக்கு இங்கிலிஷ் படிக்கும் நாலு பேரும் ஒரு டீச்சரும். அவர்கள் தங்கள் தாய்மொழி பேசும்போது நடிகர்கள் சரளமான இங்கிலிஷில் பேசுவார்கள். வகுப்புக்காக இங்கிலிஷ் பேசும்போது திக்கித் திணறுவார்கள். அவ்வளவு புத்திசாலியான ஜனம் ஒரு நொடியில் மக்கு மாதிரி ஆகிவிடும். அதில் ரோயா என்று ஒரு அம்மா, கனடாவில் இருக்கும் பேத்தியோடு பேசுவதற்காகப் படிக்கிறாள்.

தமிழில் போட்டால் தாய்மொழி வரும் இடம் சரளமான தமிழ். திணறும் இங்கிலிஷுக்கு? திணறும் தமிழ்தான். நம் ஊரில் அப்படித் தமிழ் பேசுவது யார் என்று யோசித்தேன். நான் டீ குடிக்கும் கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிற பையன், பீகார்க்காரன். "அண்ணா, சால்னா போதும் வேணும்?" என்பான். அவன் சொந்த பாஷையில் போனில் பேசும்போது கவனித்தேன். கடையே சிரிக்கிறது, அவன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் மாவுக் கையோடு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவன் இவ்வளவு வேடிக்கையான ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மொட்டைமாடிக்காரன்:

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 'ஃப்ரீ அவுட்கோயிங்' வாசித்தோம்.

நர்ஸ் மாலினி. இரண்டு நாள் நைட் டியூட்டி முடிந்து வந்திருந்தார், குரலில் களைப்பு இருந்தது, அதுவே பொருத்தமாகிவிட்டது. தீபாவுக்காக ஒரு காலி நாற்காலி போடலாம் என்றான் ஐடி பையன். தபால் பெரியவர் வேண்டாம் என்றார். "அவ உள்ள ரூம்ல இருக்கா. கதவு சாத்தியிருக்கு" என்று மாடிப்படிக் கதவைக் காட்டினார். சாத்திவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசித்தோம். மாலினி மகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எல்லாருடைய கண்ணும் தானாக அந்தத் தகரக் கதவுக்குப் போனது. டீச்சர் ஒருவர் இரண்டாம் பாதியில் தமிழாக்குவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே வாசித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாடி அம்மா இந்தத் தடவை துணியை எடுத்துவிட்டும் போகாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

முடிந்து கதவைத் திறந்தால் படிக்கட்டில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பையனை யாரும் எதுவும் கேக்கலையா?" ஏழு பேரும் புத்தகத்தைப் புரட்டினோம்.

அடுத்த மாதம் டீச்சரம்மாவின் சர்ச்சில். 'மஞ்சள்' ஸ்கிரிப்ட் கேட்டுப் பார்க்கப் போகிறேன். வடலி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

முயல் நாடகத்தில்தான் கோட்டைவிட்டோம். என் பெயருக்கு வரவழைத்தேன், கூரியர் வந்தால் பிரிக்காதே என்று வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பார்சல் பிரிந்து கிடக்கிறது, என் மனைவி சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் ஒரு நாடகம் படித்து நான் பார்த்ததில்லை. இப்போது புத்தகத்தைத் துணியில் சுற்றி அவளே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். எங்களில் யார் மேடை ஏறுவது என்று தான்தான் தீர்மானிப்பாளாம். தபால் பெரியவர் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நேற்று அவருக்கு நீச்சல் தெரியுமா, நாடகத்துக்குச் சம்பந்தமில்லை, சும்மா கேட்கிறேன் என்று விசாரித்தாள்.